குளிர்பான டப்பாவுக்குள் எத்தனை யூனிட்?

வாசகர் கேள்வி – பதில்

கோயில் விழாக்களுக்குப் பின் வெற்று டப்பாக்களைச் சேகரிப்பது பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலானவை ஒரே பொருளையே சுற்றி வந்ததால், இம்மாதம் மற்றக் கேள்விகளை நிறுத்திவைத்து, தூக்கி எறியப்படும் உலோக டப்பாக்களிலிருந்து பேட்டரி போன்ற மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சாதனங்களுக்கான பொருள்களைச் செய்வது பற்றி மட்டும் விடையளிக்கிறேன்.

கேள்வி: தைப்பூசக் காவடி முடிந்ததும் எங்கள் மகளிர் குழுவினர் கோயில் வளாகத்தில் கிடக்கும் கூல்டிரிங்க் டப்பாக்களைப் பொறுக்கி, பேக்கி வண்டியில் ஏற்றிப் பழைய உலோகக் கடைக்கு அனுப்புகிறோம். அதே டப்பாக்களிலிருந்து பேட்டரிக்கான உயர்ரகப் பொருள்கள் செய்யலாம் என்று என் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அப்படியென்றால் சில ராண்டுக்கு நாங்கள் தங்கத்தையா விற்றுக்கொண்டிருக்கிறோம்?
– வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: செய்யலாம் என்பது உண்மைதான், அம்மா. ஆனால் செய்யத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை காண டப்பாவின் வரவு செலவுக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

330 மில்லிலிட்டர் அலுமினிய டப்பா ஒன்றின் எடை ஏறத்தாழ 14 கிராம். கிலோவுக்கு 70 டப்பாக்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மண்ணிலிருந்து எடுத்த அலுமினா என்னும் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து உலோகத்தை எடுக்கும் முறையை 1886இல் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் ஹெரூ என்பவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். இன்றும் அதே முறைதான் நடப்பில் இருக்கிறது. அந்த முறையில் ஒரு கிலோ அலுமினியத்துக்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம் செலவாகிறது. தென்னாப்பிரிக்காவில் நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில், ரிச்சர்ட்ஸ் பேயில் உள்ள ஹில்சைடு உருக்காலை இந்த வேலையைத்தான் செய்கிறது. அதற்குப் போகும் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவது. ஆக ஒரு டப்பாவின் பின்னால் 0.2 யூனிட் மின்சாரம் இருக்கிறது. அதே டப்பாவை உருக்கி மறுபடி தகடாக்க இதில் இருபதில் ஒரு பங்கு ஆற்றல் போதும். நீங்கள் பொறுக்கி அனுப்பும் ஒவ்வொரு டப்பாவும் 0.19 யூனிட்டை மிச்சப்படுத்துகிறது.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். டப்பாவை வேதிவினைக்கு உட்படுத்தி, அதிலிருந்து வரும் ஹைட்ரஜனைச் சேமித்து, எரிபொருள் கலத்தில் மின்சாரமாக மாற்றினால், ஒரு டப்பாவுக்கு ஏறக்குறைய 0.025 யூனிட் கிடைக்கும். அது கைபேசியை ஒரு முறை, அதிகம் போனால் இரு முறை சார்ஜ் செய்யப் போதுமானது. எட்டணாவைப் போட்டு ஓரணாவை எடுப்பது போன்ற வியாபாரம் இது. ஆகையால் முழு டப்பாவாக, சுத்தமாகக் கைக்கு வருவதை உருக்காலைக்கே அனுப்புங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள ஹூலமின் ஆலை டப்பாவுக்கான தகட்டை உருட்டுகிறது. பழைய டப்பாக்களை உருக்கி மறுபடி தகடாக்குகிறது. சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இந்த வசதி இருக்கும்போது, டப்பாவைக் குப்பை என்று அழைப்பதே பிழை என்பது என் கருத்து.

தங்கத்தை விற்கிறீர்களா என்று கேட்டீர்கள். விற்கிறீர்கள்தான்; ஆனால் தக்க இடத்துக்குத்தான் விற்கிறீர்கள்.

கேள்வி: அப்படியானால் ஆய்வுக்கூடங்களில் இதற்கென்று உழைப்பவர்கள் வீண் வேலையா பார்க்கிறார்கள்? சோடா டப்பாவும் கடல்நீரும் காப்பித்தூளும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும் என்று படித்தேனே?
– வாசகர், டோங்காட்

பதில்: வீண் வேலை அல்ல, ஐயா. முதலில் நீங்கள் படித்த செய்தி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு அது. அலுமினியம் தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜனை வெளியேற்றும் இயல்புடையது. ஆனால் காற்றுப் பட்ட கணத்திலேயே அதன்மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஓர் ஆக்சைடுத் தோல் படர்ந்து வினையைத் தடுத்துவிடுகிறது. அந்தத் தோல் மட்டும் இல்லாதிருந்தால் அலுமினியப் பாத்திரத்தில் சோறு வடிக்கவே முடியாது. அந்த ஆய்வாளர்கள் காலியம், இண்டியம் என்ற இரண்டு உலோகங்களின் கலவையை அலுமினியத்தின்மேல் பூசி அந்தத் தோலைக் குலைத்தார்கள். கடல்நீரில் உள்ள உப்பு, விலை மிகுந்த அந்தக் கலவையைத் திரும்ப மீட்டெடுக்க உதவியது. ஆனால் வினையை மந்தமாக்கியது. காப்பித்தூளைப் போட்டுப் பார்த்தபோது வேகம் கூடியது. காபீனில் அடங்கியுள்ள இமிடசோல் என்ற வேதிக்கூறே அதற்குக் காரணம் என்று பின்னர் கண்டார்கள். இரண்டு மணி நேரம் பிடித்த வினை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. செய்தித்தாள்களுக்குக் காப்பி பிடித்துவிட்டது. காலியத்தை மீட்டெடுத்ததுதான் அந்த ஆய்வின் உண்மையான சாதனை என்பதை யாரும் தலைப்பில் போடவில்லை.

நமக்குக் கூடுதலாகப் பயன்படுவது இன்னும் பழைய வழி. காஸ்டிக் சோடா கரைசலில் அலுமினியத்தைப் போட்டால் ஆக்சைடுத் தோல் கரைந்து, உலோகமும் கரைந்து, ஹைட்ரஜன் குமிழ்களாக வெளியேறும். ஒரு டப்பாவிலிருந்து சுமார் 18 லிட்டர் வரும். இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் இருக்கிறது. டப்பா தூய அலுமினியம் அல்ல. உடற்பகுதியில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு மாங்கனீசும் அதே அளவு மக்னீசியமும், மூடியில் நூற்றுக்கு நாலரைப் பங்கு வரை மக்னீசியமும், இரண்டிலும் சிறிது இரும்பும் கலந்திருக்கும். காஸ்டிக் சோடாவில் அலுமினியம் மட்டுமே கரைந்து அலுமினேட் ஆகிறது. மக்னீசியம், மாங்கனீசு, இரும்பு மூன்றும் கரையாமல் கருஞ்சேறாக அடியில் தங்கிவிடுகின்றன. அரிசியை அரித்தால் கல் சட்டியடியில் தங்குவது போல, காரம் தானாகவே தரம் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. பாக்சைட் மண்ணிலிருந்து அலுமினாவைப் பிரிக்கும் பேயர் முறை 1888ஆம் ஆண்டு முதல் இந்தக் குணத்தையே நம்பி நடக்கிறது.

தெளிந்த கரைசலில் கரியமில வாயுவைச் செலுத்தினால் அலுமினியம் ஹைட்ராக்சைடு வெண்மையாக வீழ்படியும். அதைக் கழுவிச் சூளையில் சுட்டால் அலுமினா. ஒரு டப்பாவுக்குச் சுமார் 26 கிராம் தேறும். இந்தப் பொடியை மிகத் தூய்மையாக எடுக்க முடிந்தால் அதற்கு மின்கலத் தொழிலில் நல்ல இடம் உண்டு. லித்தியம் பேட்டரியில் நேர்முனையும் எதிர்முனையும் ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் திரை வைத்திருப்பார்கள். சூடு ஏறினால் அந்தத் திரை சுருங்கும். சுருங்கினால் முனைகள் தொட்டுத் தீப்பிடிக்கும். திரையின்மேல் சில மைக்ரான் கனத்தில் அலுமினாப் பொடியைப் பூசினால் சுருக்கம் குறைகிறது. பேட்டரிக்குள் போகும் அலுமினியப் பொருள்களில் பெயர் வெளியே தெரியாத, ஆனால் உயிர்காக்கும் பொருள் இதுதான்.

ஆகவே ஆய்வாளர்களின் உழைப்பில் குறையில்லை. எந்த டப்பாவை அவர்களிடம் கொடுப்பது என்பதில்தான் நாம் தவறு செய்கிறோம். கொடுக்க வேண்டியவை எவை என்பதைக் கீழே வேறொரு பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: மின்வெட்டுக் காலத்தில் இன்வெர்ட்டரும் 5 யூனிட் லித்தியம் பேட்டரியும் வாங்கிவைத்தேன். அதைப் போன்ற ஒன்றைப் பழைய டப்பாக்களிலிருந்தே செய்ய முடியுமா? எத்தனை டப்பா வேண்டும்?
– வாசகர், பீனிக்ஸ்

பதில்: 2023இல் ஸ்டேஜ் 6 என்னும் கடும் மின்வெட்டு வரை பார்த்தவர்கள் இப்படிக் கேட்பதில் வியப்பில்லை. உங்கள் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையாக இருக்கும். அதிலும் அலுமினியம் உண்டு. நேர்முனைப் பொடியைத் தாங்கி நிற்பது 15 மைக்ரான் அளவுள்ள அலுமினியத் தாள். ஆனால் அந்தத் தாளுக்கு வேண்டியது 99 சதவீதத்துக்கு மேல் தூய்மையான உலோகம். டப்பாவை வெறுமனே உருக்கினால் மக்னீசியத்தை ஓரளவு நீக்கலாம். மாங்கனீசு இலகுவில் போகாது. டப்பாவின் கலவை டப்பாவுக்கென்றே வகுக்கப்பட்டது. இட்லி மாவை எடுத்து முறுக்குப் பிழிய முயல்வதில் பயனில்லை.

அலுமினியத்தையே எரிபொருளாகக் கொண்ட அலுமினியம்–காற்று மின்கலம் என்று ஒன்று உண்டு. ஒரு கிலோ அலுமினியம் முழுதும் ஆக்சைடாக மாறும்போது கோட்பாட்டளவில் 8.6 யூனிட் ஆற்றல் வெளிப்படும். நடைமுறையில் பாதி தேறினாலே நல்லது. அந்தக் கணக்கில் உங்கள் 5 யூனிட்டுக்கு ஏறத்தாழ 85 முதல் 100 டப்பாக்கள் போதும். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மின்கலத்தைத் திரும்ப சார்ஜ் செய்ய முடியாது. தீர்ந்ததும் மிஞ்சும் வெண்சேற்றை ரிச்சர்ட்ஸ் பே போன்ற ஓர் உருக்காலைக்கு அனுப்பி, முன் சொன்ன 14 யூனிட்டைச் செலவழித்தால்தான் அது மறுபடி உலோகமாகும். அதோடு, டப்பாவில் உள்ள இரும்பு, மின்சாரம் எடுக்காத நேரத்திலும் அலுமினியத்தை அரித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் இத்தகைய மின்கலங்களுக்கு மிகத் தூய அலுமினியத்தைத் தேடுகிறார்கள்.

மறுபடி மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய அலுமினிய மின்கலத்தை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் குழு 2015இல் செய்து காட்டியது. அலுமினியத் தாள் ஒருபுறம், நுரை போன்ற கிராபைட் மறுபுறம். ஒரு நிமிடத்தில் சார்ஜ் ஆனது, 7,500 முறைக்கு மேல் தாங்கியது. எனினும் கிலோவுக்குச் சுமார் 40 வாட்-மணி மட்டுமே கொண்டது. அது பழைய காரீய அமில பேட்டரியின் அளவை ஒட்டியது. உள்ளே இருக்கும் திரவம் ஈரக்காற்றுப் பட்டால் கெட்டுவிடும். டர்பனின் கோடையில் அதைத் திறந்து வைத்துப் பார்க்கவே கூடாது. உங்கள் இன்வெர்ட்டர் பேட்டரியை நன்றாகப் பேணி, அதன் ஆயுள் முழுவதும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் கூல்டிரிங்கைவிட மீன் டப்பாதான் அதிகம். பில்சர்ட் மீன் டப்பாவையும் இதோடு சேர்க்கலாமா?
– வாசகி, வெருலம்

பதில்: டின் ஃபிஷ் குழம்பு இல்லாத டர்பன் தமிழ் வீடு ஏது? ஆனால் அந்த டப்பா வேறு சாதி. ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். ஒட்டினால் அது எஃகு, ஒட்டாவிட்டால் அலுமினியம். இந்த நாட்டில் குளிர்பான டப்பாக்களும் முன்பு எஃகாகவே இருந்து, கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான் அலுமினியத்துக்கு மாறின. பழைய மூட்டையை இன்னும் வைத்திருப்பவர்கள் காந்தத்தைத் தேய்த்துப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மீன் டப்பாவின் எஃகுத் தகட்டின்மேல் வெள்ளீயம் பூசப்பட்டிருக்கும். சதுர மீட்டருக்குச் சில கிராம் மட்டுமே. சிறிய பங்குதான் என்றாலும் அதன் மதிப்பு பெரிது. லித்தியம் பேட்டரியின் எதிர்முனையில் இப்போது இருக்கும் கிராபைட், கிராமுக்கு 372 மில்லிஆம்பியர்-மணி ஏற்கிறது. வெள்ளீயம் 994 வரை ஏற்க வல்லது. குறை என்னவென்றால், லித்தியத்தை உள்வாங்கும்போது அது இரண்டரை மடங்குக்கு மேல் உப்பி, வெளிவிடும்போது சுருங்கி, சில நாள்களிலேயே தூள் தூளாகிவிடும். அதைக் கார்பன் நுரைக்குள் அடைத்து அடக்க முயல்கிறார்கள். எஃகுத் தகட்டிலிருந்து வெள்ளீயத்தை வெந்த காஸ்டிக் சோடாவில் கரைத்துப் பிரிக்கும் தொழில் நூறாண்டுக்கு மேற்பட்டது. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது ஏதுமில்லை. ஒரு வீட்டில் சேரும் டப்பாக்களிலிருந்து கிடைக்கும் வெள்ளீயம் ஒரு சிட்டிகைகூட ஆகாது. ஊரே சேர்த்தால்தான் தொழிலாகும். ஆகவே கழுவி, உலர்த்தி, எஃகுக் கூடையில் போடுங்கள்.

கேள்வி: டப்பாவின் வளையத்தை மட்டும் பிடுங்கிச் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் விலை கிடைக்குமா?
– வாசகர், ஸ்டாங்கர்

பதில்: கிடைக்காது. வளையத்தை டப்பாவிலேயே விட்டுவிடுங்கள். ஆனால் உள்ளே நீர் தங்காமல் கவிழ்த்து வடியவிடுங்கள். நான் உலோக ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த நாள்களில், ஈரம் உள்ள கழிவு உருகிய அலுமினியத்தில் விழுந்து வெடித்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அன்று யாருக்கும் காயமில்லை. கூரையில் ஒட்டிய உலோகம் மட்டும் பல ஆண்டுகள் அப்படியே இருந்தது.

கேள்வி: 2025ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்ற உலோக–கரிமச் சட்டகங்களை டப்பாவிலிருந்து செய்யலாம் என்கிறார்கள். அது என்ன பொருள்? எளிய தமிழில் விளக்க முடியுமா?
– கல்லூரி மாணவி, லெனேசியா

பதில்: அந்தப் பரிசைக் கிட்டகாவா, ராப்சன், யாகி ஆகிய மூவர் பெற்றார்கள். உலோக அணுக்கள் முடிச்சுகள், கரிம மூலக்கூறுகள் கம்பிகள் என்று கொண்டு கட்டிய சாரம் போன்றது இந்தப் பொருள். சாரத்தின் உள்ளே கட்டடம் இல்லை, வெற்றிடம் மட்டுமே. அந்த வெற்றிடத்தில் வாயு தங்கும். ஒரு கிராம் பொடியின் உட்பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டரைத் தாண்டும்.

பிரான்சில் பெரே என்பவரின் குழு கண்ட மில்-53 என்ற சட்டகத்தில் முடிச்சு அலுமினியம், கம்பி டெரிதாலிக் அமிலம். அந்த அமிலம் பெட் பிளாஸ்டிக் புட்டியைச் சிதைத்தால் கிடைப்பது. புட்டியும் டப்பாவும் ஒரே பொருளில் வந்து சேர்வதால் ஆய்வாளர்களுக்கு இதில் தனி ஈர்ப்பு. இந்தச் சட்டகத்துக்கு இன்னொரு விந்தைக் குணமும் உண்டு: தண்ணீரை உள்வாங்கினால் துளைகள் ஒடுங்கும், சூடேற்றினால் விரியும். மூச்சு விடுகிறது என்றே அத்துறையினர் சொல்கிறார்கள்.

ஆனால் ஹைட்ரஜனைச் சேமிப்பதில் இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். மைனஸ் 196 பாகைக் குளிரில், 16 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில், அது தன் எடையில் 3.8 சதவீதம் ஹைட்ரஜனை ஏற்றது. அறையின் வெப்பத்தில் அதன் பிடி மிகவும் தளர்ந்துவிடும். ஆகவே ஹைட்ரஜன் தொட்டியாக்குவதைவிட, அந்தச் சட்டகத்தைக் காற்றுப் புகாமல் கருக்கி, நுண்துளைக் கரியாக்கி, மீமின்தேக்கியின் தட்டில் பூசும் வழி எனக்கு நம்பிக்கையூட்டுகிறது. மீமின்தேக்கி மின்னூட்டத்தைப் பரப்பின்மேல் தாங்குவது. பரப்பு மிகுதியாக இருந்தால் போதும், குளிர் தேவையில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். மில்-53ஐச் செய்ய மூடிய கலத்தில் 220 பாகைச் சூட்டில் மூன்று நாள் வேகவைத்ததாக முதல் செய்முறை சொல்கிறது. பல சட்டகங்களுக்கு நச்சுக் கரைப்பானும் தேவைப்படுகிறது. டப்பாவைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு கரைப்பானைச் சாக்கடையில் விட்டால் என்ன லாபம்? அலுமினியம் பியூமரேட் என்ற உறவுச் சட்டகத்தைத் தண்ணீரிலேயே, மிதமான சூட்டில் செய்யலாம். தொழில் அளவிலும் செய்திருக்கிறார்கள். ஆய்வுத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால் அதைப் பாருங்கள். பிரிட்டோரியாவில் உள்ள அரசு ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர். இத்தகைய சட்டகங்களில் ஹைட்ரஜன் சேமிப்பதை ஆய்ந்திருக்கிறது. கடல் தாண்டிப் போய்த்தான் கற்க வேண்டும் என்பதில்லை.

கேள்வி: உருக்காலைக்கு ஏற்காத அலுமினியக் கழிவு என்று ஏதாவது உண்டா?
– வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கல்யாண வீட்டில் பிரியாணி கட்டிக் கொடுக்கும் அலுமினியத் தட்டு, ரொட்டி சுற்றிய தாள், மாத்திரை அட்டை, பால் அட்டைப்பெட்டியின் உட்பூச்சு ஆகியவை அத்தகையவை. தாள் மெல்லியது என்பதால் உலையில் உருகுவதற்கு முன்பே பெரும்பங்கு ஆக்சைடாகிப் போகும். எண்ணெயும் பிளாஸ்டிக்கும் ஒட்டியிருப்பதால் புகையும் அதிகம். பழைய உலோகக் கடைக்காரர் முகம் சுளிப்பதற்கு நியாயம் உண்டு.

காஸ்டிக் தொட்டிக்கோ இவை நல்ல விருந்து. மெல்லியதாக இருப்பதால் விரைவில் கரையும். பிரியாணி எண்ணெய் சோப்பாகிக் கழுவிப் போய்விடும். மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக் கரையாமல் மிஞ்சும், வாரி எடுத்துவிடலாம். ஹைட்ரஜனை ஒருபுறம், அலுமினாவையோ சட்டகத்தையோ மறுபுறம் எடுக்கலாம். புதைகுழிக்குப் போவதற்கென்றே இருந்த பொருளாதலால் எட்டுக்கு ஒன்று கிடைத்தாலும் அது வரவுதான். சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அதன் உட்புற வெள்ளிப் பூச்சு சில பத்து நானோமீட்டர்தான், ஒரு வண்டி பாக்கெட்டிலும் ஒரு டப்பா அளவு உலோகம் தேறுவது அரிது.

பொதிபொருளைத் தயாரிப்பவரே அதன் கழிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி இந்த நாட்டில் 2021 மே மாதம் முதல் நடப்பில் இருக்கிறது. அந்த விதிப்படி தயாரிப்பாளர்கள் கட்டும் பணம் முழு டப்பாக்களுக்குத் தேவையில்லை. அவற்றைச் சந்தையே தேடி வாங்கிக்கொள்கிறது. தெருத் தெருவாகத் தள்ளுவண்டி இழுத்து அவற்றைப் பொறுக்கும் தொழிலாளர்களே அதற்குச் சாட்சி. அந்தப் பணத்தைத் தாளுக்கும் தட்டுக்கும் காஸ்டிக் தொட்டி அமைக்கத் திருப்ப வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: என் பேரன் ஏழாம் வகுப்பு. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு டப்பாவைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து ஹைட்ரஜன் எடுத்துக் காட்டப் போகிறேன் என்கிறான். விடலாமா?
– தாத்தா ஒருவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: விடாதீர்கள், ஐயா. அந்த வினை தொடங்கச் சற்றுத் தாமதிக்கும். பிறகு தானே சூடேறி, சூட்டினால் வேகம் கூடி, கொதித்துப் பொங்கும். காஸ்டிக் துளி கண்ணில் பட்டால் பார்வை போகும். ஹைட்ரஜனுக்கோ ஒரு பொறி போதும்.

அதற்குப் பதிலாக வேறொன்றைச் செய்யச் சொல்லுங்கள். ஓர் அலுமினியத் தாளின்மேல் உப்புநீரில் நனைத்த காகிதத் துண்டை விரித்து, அதன்மேல் மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் செறிவூட்டிய கரியைப் பொடித்துக் குவித்து, உப்புநீர் தெளித்து, கரிக்குள் ஒரு கம்பியைச் செருகி, தாளிலிருந்து இன்னொரு கம்பி எடுக்கட்டும். கரி கீழ்த் தாளைத் தொட்டுவிடக் கூடாது. அளவியில் ஏறக்குறைய ஒரு வோல்ட் காட்டும். இரண்டு மூன்றை வரிசையாக இணைத்தால் சிறிய எல்.இ.டி. எரியும். இறைச்சி சுடும் பிராய்க்கு வாங்கும் கரி இதற்கு அவ்வளவாக உதவாது; அதில் நுண்துளை குறைவு. தாளுக்குப் பதிலாக டப்பாத் தகட்டைத்தான் வைப்பேன் என்று பேரன் அடம்பிடித்தால், வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும் என்பதால் வெட்டும் வேலையை நீங்கள் செய்துகொடுங்கள். உட்புறம் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், அதை உப்புத்தாள் கொண்டு பளபளக்கும்வரை தேய்க்கும் வேலையை அவனிடம் விடுங்கள்.